ஆக்டோபஸை வாளிக்குள் போடலாமா? சிறுவர் கடல் கதையில் உண்மையும் கூத்தும்

காகிதக்கப்பல்:

6 முதல் 9 வயது வரையுள்ள பிள்ளைகளுக்காக ஒரு கடல் கதை எழுதியிருக்கிறேன். 48 பக்கம், பக்கத்துக்குப் பக்கம் படம். கதை இதுதான். கரையில் ஒதுங்கிய மஞ்சள் பிளாஸ்டிக் வாத்து ஒன்றை, அதன் கூட்டத்தோடு சேர்த்து வைக்க ஒன்பது வயதுக் கேப்டன் ஒருத்தி கப்பலேறுகிறாள். பாய்மர உச்சியில் காவலுக்கு ஒரு கிளி. பாவம், அதற்குத் தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாது. அடுக்களையில் ஓர் ஆக்டோபஸ். ஒரு கையில் கரண்டி, ஒரு கையில் சட்டி, மிச்சம் ஆறு கைகளும் ஒன்றோடொன்று சண்டை.

வரைவை இங்கே நாலைந்து பேருக்கு அனுப்பியிருந்தேன். அதில் ஒருவர், "ஆக்டோபஸ் மூன்று அத்தியாயமாகத் தண்ணீரில்லாமல் நிற்கிறது, செத்துவிடும். வாளித் தண்ணீரில் உட்கார வையுங்கள்" என்று எழுதியிருக்கிறார். எனக்கு இதில் உடன்பாடில்லை. கிளி பேசுகிறது, வாத்து அழுகிறது. அதையெல்லாம் விட்டுவிட்டு ஆக்டோபஸின் செவுளை மட்டும் ஏன் பிடித்துக்கொள்ள வேண்டும்? சிரிப்புக் கதைக்கு உயிரியல் பாடம் வேண்டாம் என்பது என் கட்சி. மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

மூன்றிதயம்:

வாளி யோசனை என்னுடையதுதான்.

கிளி கேப்டனிடம் பேசுவது விளையாட்டு என்று ஆறு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே தெரியும். ஆனால் ஆக்டோபஸ் எப்படி மூச்சு விடுகிறது என்பது அந்தப் பிள்ளைக்குத் தெரியாது. நீங்கள் வரைந்து காட்டுவதுதான் அதன் மனசில் முதல் ஆக்டோபஸ். தண்ணீருக்கு வெளியே அது சில நிமிடம் தாங்கும். மூன்று அத்தியாயம் தாங்காது.

இதைக் குறையாக மட்டும் சொல்லவில்லை. உண்மைக்குள்ளேயே நல்ல சிரிப்பு கிடக்கிறது, அதை எடுக்காமல் விடுகிறீர்கள் என்பதுதான் என் வருத்தம். கைகள் தங்களுக்குள் சண்டை போடுவதாக எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? ஆக்டோபஸுக்குச் சுமார் 50 கோடி நரம்பு செல்கள், அவற்றில் மூன்றில் இரண்டு பங்கு கைகளில்தான் இருக்கின்றன. ஒவ்வொரு கையும் ஓரளவு தானாகவே முடிவெடுக்கும். அதற்கு இதயம் மூன்று. நீந்தும்போது அதில் ஒன்று நின்றுவிடும், அதனால் அது நீந்துவதைவிடத் தவழ்ந்து போவதையே விரும்பும். கடலில் பிறந்துவிட்டு நீந்தச் சலிப்படையும் ஒரு சமையல்காரர்! இதைவிட நல்ல பாத்திரம் எங்கே கிடைக்கும்?

2009-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், இந்தோனேசியக் கடலில் ஆக்டோபஸ்கள் தேங்காய்ச் சிரட்டைகளைத் தூக்கிக்கொண்டு நடந்து, வேண்டும்போது அதற்குள் ஒளிந்துகொண்டதைப் பதிவு செய்திருந்தார்கள். 2016-இல் நியூசிலாந்தின் காட்சியகம் ஒன்றில் இருந்த ஆக்டோபஸ் தொட்டியிலிருந்து நழுவி, தரையைக் கடந்து, 50 மீட்டர் நீளமுள்ள வடிகால் குழாய் வழியாகக் கடலுக்கே போய்விட்டது. இவ்வளவு கெட்டிக்காரப் பிராணியை வெறும் எட்டுக் கைப் பொம்மையாக்க எனக்கு மனம் வரவில்லை.

சும்மாசிரி:

மூன்றிதயம் சொன்னதெல்லாம் அருமை, ஆனால் அது வேறு புத்தகம். நான் காகிதக்கப்பல் பக்கம்.

வரைவின் 14-ஆம் பக்கத்தை என் மகளுக்குப் படித்துக் காட்டினேன். புயல் வருகிறது. எட்டுச் சன்னலும் திறந்து கிடக்கிறது. ஆக்டோபஸ் நடுவில் நின்று "டப் டப் டப் டப்" என்று எட்டையும் ஒரே நேரத்தில் சாத்துகிறது. சாத்தி முடித்ததும் மூக்கு அரிக்கிறது, சொறியக் கை இல்லை. "மறுபடி படி" என்று ஆறு தடவை கேட்டாள். ஆறாவது தடவை அவளே கையை விரித்துக்கொண்டு நின்றாள். இந்த இடத்தில் வாளியைக் கொண்டுவந்தால் வேகம் போச்சு. முதலில் வாளி ஏன் என்று விளக்க வேண்டும், விளக்கம் வந்த இடத்தில் சிரிப்பு நிற்காது.

இன்னொரு பயமும் உண்டு. உண்மைக்குக் கதவைத் திறந்தால் அடுத்த பதிப்பில் பக்க மூலையில் ஒரு கட்டம் வரும், "உங்களுக்குத் தெரியுமா?" என்று. குழந்தை கதையை நிறுத்திவிட்டுப் பரீட்சைக்குப் படிக்கிற முகத்தோடு அதைப் படிக்கும். நிலாவைக் கீழே இறங்கி வரச் சொல்லிச் சோறூட்டுகிறோம். அந்த நேரத்தில் யாராவது ஈர்ப்பு விசையைப் பற்றிப் பேசுகிறோமா?

வாசிப்பு டீச்சர்:

நான் ஆரம்ப வகுப்புக்குப் பாடம் எடுக்கிறவள். உண்மையா பொய்யா என்பதைவிட, படமும் எழுத்தும் எப்படி வேலையைப் பிரித்துக்கொள்கின்றன என்பதுதான் இந்த வரைவில் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

9-ஆம் பக்கத்தில் கிளி, "கடல் வெறுமையாக இருக்கிறது, கேப்டன்!" என்கிறது. படத்திலும் கடல் வெறுமையாகவே இருக்கிறது. ஏன்? கிளிக்குத்தான் கண் சரியில்லையே! கப்பலுக்குப் பின்னால் வீட்டளவு வால் ஒன்று எழும்பி நிற்கட்டும்.

எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிற ஒரு பையன் என்னிடம் இருந்தான். புத்தகத்தைக் கொடுத்தால் படம் மட்டும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்துவிடுவான். ஒருநாள் இந்த மாதிரி ஒரு பக்கம் கையில் கிடைத்தது. எழுத்து ஒன்று சொல்கிறது, படம் வேறொன்று காட்டுகிறது. கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தான். அப்புறம் விரலை வரியின் மேல் வைத்து, ஒவ்வொரு எழுத்தாகத் தள்ளித் தள்ளி முழு வரியையும் படித்து முடித்தான். "டீச்சர், இதுல பொய் எழுதியிருக்கு!" அந்தப் பொய்யை நிரூபிப்பதற்காகவே படித்தான். அதுவரை நான் எவ்வளவு கெஞ்சியும் அவன் ஒரு வரிகூட முழுதாகப் படித்ததில்லை.

வாளி விஷயத்தில் நான் மூன்றிதயம் பக்கம். பிள்ளைகள் என்னிடம் வந்து நிச்சயம் கேட்பார்கள். "புத்தகத்தில் சும்மா எழுதியிருக்கிறார்கள்" என்று சொல்லி அனுப்ப எனக்குப் பிடிக்காது. அந்தப் பதிலோடு அந்தப் புத்தகத்தின் மேல் உள்ள ஆசையும் பாதி போய்விடும்.

கோட்டோவியன்:

படம் போடுகிறவனாகச் சொல்கிறேன், சும்மாசிரி. வாளி வேகத்தைக் குறைக்காது. எனக்கு அது கண்ணில் தெரிகிறது. ஆக்டோபஸ் வாளிக்குள் உட்கார்ந்து நாலு கையை விளிம்புக்கு வெளியே போட்டு, வாளியையே தூக்கிக்கொண்டு ஓடும். குறுகலான படியில் இறங்கும்போது வாளி சாயும், தண்ணீர் தளும்பும். விளக்கம் ஒரு வரிகூட வேண்டாம். முதல் பக்கத்திலிருந்தே தரையில் ஈரத்தடம் போட்டுவிடுவேன். பிள்ளை விரலால் அந்தத் தடத்தைத் தொடர்ந்துகொண்டே பக்கம் பக்கமாகப் போகலாம்.

ஆனால் ஓட நாலு கை போனால் சன்னலுக்கு நாலுதான் மிச்சம். அங்கே எழுத்தாளர்தான் யோசிக்க வேண்டும். ஒரு வேண்டுகோள்: "நீல வாளியில் தளும்பத் தளும்ப" என்றெல்லாம் எழுதிவிடாதீர்கள். நான் வரையப்போவதை நீங்கள் எழுதினால் என் படம் அங்கே வெறும் அலங்காரம்.

மூன்றிதயம்:

வாளி ஓடுகிறது என்றதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. மற்றக் குறைகளையும் சொல்லிவிடுகிறேன்.

கேப்டன் "மணிக்கு 10 நாட்" என்கிறாள். நாட் என்றாலே மணிக்கு ஒரு கடல் மைல், அதாவது 1,852 மீட்டர். 'மணிக்கு' தேவையில்லை. அந்தக் காலத்தில் முடிச்சுப் போட்ட கயிற்றைக் கடலில் விட்டு, மணல் கடிகாரம் தீர்வதற்குள் எத்தனை முடிச்சு ஓடியது என்று எண்ணுவார்கள். கண் சரியில்லாத கிளியை எண்ண விடுங்கள், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும்.

31-ஆம் பக்கத்தில் திமிங்கலம் பீய்ச்சும் நீரூற்றின் உச்சியில் கப்பல் நிற்கிறது. அது நீரூற்று அல்ல, திமிங்கலத்தின் மூச்சு. வெதுவெதுப்பான மூச்சு வெளியே வந்ததும் குளிர்ந்து புகைபோலத் தெரிகிறது. கப்பலைத் தூக்காது. ஆனால் மீன் வாடை அடிக்கும்! மூச்சை நேரே வாங்கிய கிளியின் முகத்தை வரையுங்கள்.

கோட்டோவியன்:

இதில் மட்டும் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஊற்றின் நுனியில் கப்பல் நிற்கும் படத்துக்காகவே பிள்ளைகள் அந்தப் புத்தகத்தை எடுப்பார்கள். இரண்டு பக்கத்தையும் சேர்த்து விரியும் படம் அது. மடிப்புக்குள் யார் முகமும் மாட்டாமல் எல்லோரையும் ஓரத்துக்குத் தள்ளி வரைந்து பார்த்தாயிற்று. நாற்றத்தை எப்படி இரண்டு பக்கத்துக்கு விரிப்பது?

வாசிப்பு டீச்சர்:

கேப்டன் வீட்டுக்குக் கடிதம் எழுதுகிறாளே, 33-ஆம் பக்கத்தில்? அதில் அவள் பெருமையடித்துக்கொள்ளட்டும். 31-இல் நடந்தது: எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு நிற்கிறார்கள், ஆக்டோபஸ் மட்டும் மூக்கு எங்கே என்று தேடுகிறது. கடிதத்தில் அவள் கிறுக்கலாக வரைந்த படம்: ஊற்றின் உச்சியில் கப்பல், மேலே கொடி. நடந்ததைப் பார்த்த பிள்ளை, கேப்டன் அளக்கிறாள் என்று தானே கண்டுபிடிக்கும்.

கோட்டோவியன்:

டீச்சர், இது எனக்குச் சம்மதம். ஆனால் விரியும் பக்கம் கடிதத்துக்குத்தான்.

துடுப்பு:

எல்லோரும் சிரிப்பைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு 22-ஆம் பக்கமும் 26-ஆம் பக்கமும் உறுத்துகின்றன.

எனக்கு எட்டு வயதில் என் அண்ணன் பாறையிலிருந்து கடலில் குதித்தான். அதற்கு முந்தின நாள் முழுக்க அவன் ஒரு சாகசப் படக்கதையில் ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். கையை முன்னால் நீட்டி, காலைச் சேர்த்து, அதில் இருந்த மாதிரியே குதித்தான். நீரோட்டம் அவனை இழுத்துக்கொண்டு போனது. பக்கத்தில் வலை வீசிக்கொண்டிருந்த ஒரு படகுக்காரர் தலைமுடியைப் பிடித்துத் தூக்கினார். அண்ணன் பிழைத்துவிட்டான். இன்றைக்கும் அவன் தண்ணீரில் முழங்காலுக்கு மேல் இறங்குவதில்லை.

22-இல் உங்கள் கேப்டன் வாத்துக்காக லைஃப் ஜாக்கெட் இல்லாமல் குதிக்கிறாள். 26-இல் குடிநீர் தீர்ந்ததும் எல்லோரும் கடல்நீரைக் குடித்துவிட்டுக் கோமாளி ஆட்டம் ஆடுகிறார்கள். ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு. அதை வெளியேற்றச் சிறுநீரகம் குடித்ததைவிட அதிகத் தண்ணீரைச் செலவழிக்கும். தாகம் ஏறுமே தவிர இறங்காது. பிள்ளை கதையில் வரும் பேச்சை மறந்துவிடும், படத்தில் பார்த்ததை உடம்பால் செய்து பார்க்கும். சும்மாசிரியின் மகள் கையை விரித்து நின்றாள் என்றாரே, அதைப் படித்ததும் எனக்கு அண்ணன் ஞாபகம்தான் வந்தது.

சும்மாசிரி:

துடுப்பு, இதில் உங்களோடு வாதாட மாட்டேன். 26-ஐ எடுத்துவிட வேண்டும். 22-க்கு எனக்கு ஒன்று தோன்றுகிறது: ஜாக்கெட் பெரியவர் அளவு. கேப்டன் போட்டதும் கண்கள் இரண்டும்தான் வெளியே தெரிகின்றன. அப்படியே தொபுக்கென்று விழுகிறாள், மூழ்கவே முடியாமல் உருண்டுகொண்டே போகிறாள்.

துடுப்பு:

அவள் இடுப்பில் ஒரு கயிறும், கயிற்றின் மறுமுனையை ஆக்டோபஸும் பிடித்திருந்தால் நான் நிம்மதியாகத் தூங்குவேன்.

காகிதக்கப்பல்:

இரண்டு நாளாக உட்கார்ந்து திருத்தினேன். கயிறு வந்துவிட்டது, கடல்நீர் ஆட்டம் போய்விட்டது. 14-ஆம் பக்கம் இப்போது இப்படி:

"சன்னல் எட்டு. கை எட்டு. கணக்குச் சரி என்று ஆக்டோபஸ் வாளியிலிருந்து எழுந்தது. டப், டப், டப், டப். ஐந்தாவது சன்னல் தூரத்தில். ஓட வேண்டும். ஓடக் கை வேண்டும். எந்தச் சன்னலை விடுவது என்று முதல் கை கேட்டது. என்னைக் கேட்காதே என்றது இரண்டாவது கை."

உண்மை வந்து கதையைக் கெடுத்துவிடும் என்றுதான் சண்டைக்கு வந்தேன். கைகள் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளும் இந்த வரி வாளி இல்லாமல் எனக்குக் கிடைத்திருக்காது. ஆனால் "தெரியுமா" கட்டம் வைக்க மாட்டேன், அதில் சும்மாசிரி சொன்னதே சரி.

மூன்றிதயம்:

கட்டம் வேண்டாம். கடைசிப் பக்கத்தில் மட்டும் வாத்தின் பூர்வீகத்தைச் சொல்லுங்கள். 1992-இல் பசிபிக் கடலில் ஒரு சரக்குக் கப்பலிலிருந்து விழுந்த பெட்டியில் ஏறக்குறைய 28,800 குளியல் பொம்மைகள் இருந்தன: மஞ்சள் வாத்து, சிவப்பு பீவர் (ஆற்றில் அணை கட்டும் பிராணி), நீல ஆமை, பச்சைத் தவளை. அவை கரையொதுங்கிய இடங்களை வைத்துக் கடலாய்வாளர்கள் நீரோட்டங்களைப் படித்தார்கள்.

சும்மாசிரி:

48-இல் எந்தப் பக்கத்தைக் கொடுப்பது? கடைசிப் பக்கத்தில் வாத்து தன் கூட்டத்தைச் சேர்கிறது. அதைத் தூக்கிவிட்டுத் தகவல் போடுவதா? அச்சுத் தாளை மடிக்கும் கணக்கில் ஒரு பக்கம் மட்டும் கூடுதலாக வைக்கவும் முடியாது.

மூன்றிதயம்:

சரி, தகவல் வேண்டாம். ஆனால் கூட்டத்தை மஞ்சளாக வரையாதீர்கள். வெயிலிலும் உப்பிலும் கிடந்து அந்த வாத்துகளும் பீவர்களும் வெளுத்து வெள்ளையாகிவிட்டன. ஆமையும் தவளையும்தான் நிறத்தைக் காப்பாற்றிக்கொண்டன.

கோட்டோவியன்:

அப்படியானால் கேப்டனின் வாத்து மட்டும் ஏன் மஞ்சள்?

காகிதக்கப்பல்:

பாறை இடுக்கில் வெயில் படாமல் சிக்கிக் கிடந்தது என்று முதல் பக்கத்திலேயே இருக்கிறது. நானே கவனிக்கவில்லை. அப்படியென்றால் அதற்குத் தன் கூட்டத்தையே அடையாளம் தெரியாதே!

சும்மாசிரி:

கிளிக்கும் தெரியாது. கடல் முழுக்க வெள்ளை வாத்துகளாக வரையுங்கள், நடுவில் அங்கங்கே நீல ஆமை, பச்சைத் தவளை. கிளி உச்சியிலிருந்து கத்தட்டும்: "ஒன்றுமில்லை, கேப்டன்! வெறும் நுரை!"

கோட்டோவியன்:

எழுத்து அந்த ஒரு வரி போதும். மிச்சத்தை நான் வரைந்துவிடுகிறேன்.