உயரப் பழகலா, தகவமைப்பா?

ஐயா, வணக்கம்.

உயரமான இடத்துக்குப் போனவர் உடம்பு தற்காலிகமாகப் பழகிக்கொள்வது அக்ளைமடைசேஷன், தலைமுறை தலைமுறையாக மரபுவழி வருவது அடாப்டேஷன். இரண்டுக்குமே ‘தகவமைப்பு’ போதும் என்று எழுதியிருந்தீர்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. மலைவாழ் மக்களின் உடலியலைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் பக்கத்திலேயே இந்த ஒற்றைச் சொல் காலை வாரிவிடுகிறது.

மதுரைக்காரர் ஒருவர் லடாக்கின் லே நகரில் போய் இறங்குகிறார், சுமார் 3,500 மீட்டர். காற்றில் ஆக்சிஜன் பங்கு அங்கேயும் 21 சதவீதம்தான், ஆனால் காற்றழுத்தம் குறைவு என்பதால் மூச்சுக்கு மூச்சு உள்ளே போவது குறைகிறது. மூச்சு வேகமாகிறது, சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொயட்டின் என்ற ஹார்மோனைச் சிறுநீரகம் கூடுதலாகச் சுரக்கிறது, சில வாரங்களில் சிவப்பணு பெருகுகிறது. ஊர் திரும்பினால் கொஞ்ச நாளில் எல்லாம் பழையபடி. திபெத்தியர் விஷயம் வேறு. பல ஆயிரம் ஆண்டுகளாக அந்த உயரத்தில் வாழ்கிறவர்கள், 4,000 மீட்டரில்கூட பெரும்பாலோருக்கு ஹீமோகுளோபின் சமவெளிக்காரர் அளவை ஒட்டியே இருக்கிறது. இதோடு தொடர்புள்ள, இபிஏஎஸ்1 (EPAS1) என்ற மரபணுவின் வேறுபாடு 2010-இல் வெளிவந்தது. நம் உடம்பு எதைக் கூட்டிச் சமாளிக்கிறதோ, அதைக் கூட்டாமல் இருப்பதுதான் அவர்கள் பலம். ரத்தம் கெட்டியானால் இதயத்துக்குப் பாரம், ஆண்டிஸ் மலையில் சிலருக்கு அதுவே மோங்கே நோய் என்ற நாள்பட்ட மலைநோயாகிறது. எதிரெதிராகப் போகிற இரண்டுக்கும் ஒரே பெயரா?

மரபுவழி வருவதற்குத் ‘தகவமைப்பு’ இருக்கட்டும், பள்ளிப் புத்தகத்தில் ஊன்றிவிட்ட சொல். மற்றதற்கு ‘உயரப் பழகல்’ என்கிறேன். லேயில் ராணுவப் பணி பார்த்த உசிலம்பட்டி உறவினர் ஒருவர், முதல் சில நாள் ஓட விடமாட்டார்கள், பாரம் தூக்க விடமாட்டார்கள், “உடம்பு பழகணும்ல” என்றார். அவர் வாயில் தானாக வந்த வினை அது. ‘பழக்கம்’ என்றால் குடிப்பழக்கம் மாதிரி ஒலிக்கிறது என்று இங்கே ஒரு அக்கா சொன்னது சரிதான், அதனால்தான் ‘பழகல்’. ‘இசைவாக்கம்’ வேண்டாம், இலங்கையில் அது அடாப்டேஷனுக்கு வழங்குகிறது.

பழனிமலைப் பளியர் பழங்குடியினர் பேச்சில் இதற்குச் சொல் தேடலாமே என்றும் கேட்டிருந்தீர்கள். கொடைக்கானலே ஏறக்குறைய 2,100 மீட்டர்தான். இந்த மாற்றங்கள் நன்றாகத் தெரிவது 2,500-க்கு மேலே. அவர்களிடம் கேட்டு வாங்க வேண்டிய சொற்கள் காட்டைப் பற்றி ஏராளம் உண்டு, அதைத் தனியாகச் செய்வோம்.

அப்புறம் ஒன்று பாக்கி. சமவெளிப் பெற்றோருக்குப் பிறந்து உயரத்திலேயே வளரும் பிள்ளைக்கு நுரையீரல் கொள்ளளவு கூடுகிறது. மரபணு மாறவில்லை, கீழே வந்தாலும் சுருங்குவதில்லை. ‘வளர்பழகல்’ சரிவருமா?