தொழில்மீதுள்ள பற்று நம்மை ஆளத் தொடங்கினால் என்ன செய்வது?

கேள்வி: பட்டறைக்காரன், கோவை

வணக்கம். கணபதிப் பகுதியில் பம்பு உதிரிபாகங்கள் கடைந்து கொடுக்கும் சிறு பட்டறையை ஒன்பது ஆண்டுகளாக நடத்தி வருகிறேன். கடன் நெருக்கடியோ ஆர்டர் குறைவோ இப்போது இல்லை. ஆனாலும் இரவு பதினொரு மணிக்கு ஓர் இம்பெல்லரின் (பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் சக்கரம்) அளவு நினைவுக்கு வந்துவிட்டால், பட்டறைக்குப் போய் வெர்னியரை வைத்து அளந்து பார்க்காமல் தூங்க முடிவதில்லை. சென்ற ஆயுத பூஜையன்று லேத்துக்குச் சந்தனம், குங்குமம் இட்டு, பொரிகடலை படைத்து, இன்று எந்திரங்களுக்கு ஓய்வு என்று சொல்லி ஆட்களை அனுப்பிவிட்டு, மாலையில் நானே தனியாக அதை ஓட்டிக்கொண்டிருந்தேன். சாப்பிட அழைக்க வந்த என் மகள் வெகுநேரம் வாசலிலேயே நின்றிருக்கிறாள், நான் கவனிக்கவில்லை. இந்தப் பற்றினால்தான் தொழில் வளர்ந்தது என்பதால் அதைக் குறைக்கவும் அச்சமாக இருக்கிறது. தாங்கள் இதை எப்படிக் கையாளுகிறீர்கள்?

பதில்: உளவியல் மாணவி

கனடாவைச் சேர்ந்த ராபர்ட் வாலரண்ட் என்ற உளவியலாளர் தம் குழுவினருடன் 2003இல் வெளியிட்ட ஆய்வு, பற்றை இரண்டாகப் பிரிக்கிறது. ஒன்று, வாழ்வின் மற்றவற்றோடு இணங்கிப் போவது. மற்றொன்று, விட நினைத்தாலும் விடாமல் நம்மைப் பிடித்து வைத்திருப்பது. உழைக்கும் மணிக்கணக்கைவிட, நிறுத்த நினைக்கும்போது நிறுத்த முடிகிறதா என்பதே இங்கு முக்கியம். எனவே தாங்கள் குறைக்க வேண்டியது தொழில்மீதுள்ள அன்பை அன்று.

பதில்: பழைய மெக்கானிக்

சோயிச்சிரோ ஹோண்டாவின் கதை தங்களுக்கு உதவும் என்று நம்புகிறேன். அவர் ஜப்பானில் 1948இல் ஹோண்டா வாகன நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த ஆண்டே வந்து சேர்ந்த தக்கியோ புஜிசவாவிடம் விற்பனையையும் பணத்தையும் விட்டுவிட்டு, தாம் எஞ்சினோடு இருந்துகொண்டார். தண்ணீரால் குளிர்விக்கும் எஞ்சினிலும் கடைசியில் அந்தத் தண்ணீரைக் குளிர்விப்பது காற்றுதானே, ஆகவே நேரடியாகக் காற்றாலேயே குளிர்விக்கலாம் என்பதில் அவர் அசையாத பிடிவாதம் கொண்டிருந்தார். 1969இல் வந்த ஹோண்டா 1300 கார் அப்படித்தான் உருவானது. புகைக் கட்டுப்பாட்டுக்குத் தண்ணீர் முறையே ஏற்றது என்று கருதிய இளம் பொறியாளர்கள், அவரிடம் வாதிட்டுப் பயனில்லாமல் புஜிசவாவிடம் போனார்கள். அவர் ஹோண்டாவிடம், தலைவராக இருக்கப்போகிறீர்களா, பொறியாளராக இருக்கப்போகிறீர்களா என்று கேட்டார். ஹோண்டா தலைவராக இருக்க ஒப்புக்கொண்டு பொறியாளர்களுக்கு வழிவிட்டார். 1972இல் வந்த சிவிக் கார், தண்ணீரால் குளிரும் எஞ்சினோடு வந்தது. மறு ஆண்டு இருவரும் ஒன்றாகவே பொறுப்பிலிருந்து விலகினார்கள். இத்தகைய பிடியிலிருந்து எவரும் தனியாக விடுபடுவதில்லை என்பதே என் கருத்து. தங்களுக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை பட்டறையில் யாருக்காவது இருக்கிறதா?

பதில்: பனியன் கம்பெனி, திருப்பூர்

அண்ணா, ஞாயிறு விடுமுறை என்று நாங்கள் வைத்த விதி இரண்டு வாரம்கூட நிற்கவில்லை. பிறகு இரவில் தோன்றுவதையெல்லாம் என் கணவர் தலைமாட்டு நோட்டில் எழுதுவதென்றும், காலையில் சூப்பர்வைசரே அதைப் படித்து எது அவசரம் என்று முடிவு செய்வதென்றும் ஏற்பாடு செய்தோம். முதல் மாதம் அவருக்கு மிகவும் கடினமாக இருந்தது. இப்போது பல நாள்கள் நோட்டு வெறுமையாகவே இருக்கிறது.

பட்டறைக்காரன், கோவை

அனைவருக்கும் நன்றி. அந்த உரிமையை நான் இதுவரை எவருக்கும் தரவில்லை. எட்டு ஆண்டுகளாக உடனிருக்கும் மேஸ்திரியிடம் இன்று பேசினேன்; இனி இரவில் பட்டறைச் சாவி அவரிடம் இருக்கும். மகளிடம் இன்னும் பேசவில்லை.