கராஜுக்கு ஸ்ப்ளிட் ஏசி: நாமே மாட்டிய அனுபவங்கள்

சலங்கை வீட்டுக்காரர், பிளேனோ, டெக்சஸ்

இரண்டு கார் நிற்கிற கராஜ். கார்களை வெளியே தள்ளிவிட்டு வீட்டுக்காரம்மா அங்கே பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறார். கராஜ் கதவு மேற்கு பார்த்தது. டாலஸ் பக்கம் ஆகஸ்டில் 100 டிகிரி ஃபாரன்ஹீட் சர்வசாதாரணம் என்பதால், சாயங்காலம் அந்தத் தகரக் கதவில் கை வைக்க முடியாது. பிள்ளைகள் அலாரிப்பு முடிப்பதற்குள் தொப்பலாக நனைந்துவிடுவார்கள்.

வீட்டு சென்ட்ரல் ஏசியிலிருந்து ஒரு டக்ட் இழுத்துவிடலாமே என்று நிறைய பேர் சொன்னார்கள். அது கூடாது. கார் புகையும் பெட்ரோல் வாடையும் டக்ட் வழியாகப் படுக்கையறை வரை போகும் என்பதால், வீட்டு டக்ட்டுக்கு கராஜில் திறப்பு வைக்கக் கட்டட விதியே தடை போடுகிறது. ஆகவே கராஜுக்குத் தனி ஸ்ப்ளிட்தான் சரி. ஆள் வைத்து மாட்டக் கேட்ட தொகை, பெட்டியின் விலையைப் போல மூன்று மடங்கு. அப்போதுதான் நாமே மாட்டும் கிட் பக்கம் பார்வை போனது.

இந்த கிட்டில் என்ன விசேஷம் என்றால், காப்பர் பைப்பிலேயே தொழிற்சாலையில் கேஸ் நிரப்பி முனைகளை மூடி அனுப்புகிறார்கள். முனையை யூனிட்டில் பொருத்தி முறுக்கும்போதுதான் உள்ளே இருக்கும் அடைப்பு திறக்கும். பைப்பிலிருந்து காற்றை உறிஞ்சும் வேக்கம் பம்ப் வேண்டாம், அழுத்தம் பார்க்கும் கேஜ் வேண்டாம். அதனாலேயே எல்லாரும் பைப் இணைப்பைப் பற்றியே பயப்படுகிறார்கள். எனக்குப் பட்டதைச் சொல்கிறேன்: வேலையிலேயே சுலபமானது அந்த இணைப்புதான். கிட் உங்களிடமிருந்து எடுத்துக்கொள்வது அந்த ஒரு வேலையை மட்டும்தான். சுவரில் ஓட்டை, தண்ணீர் வடிகால், கரண்ட், இந்த மூன்றும் அப்படியே உங்கள் தலையில்தான்.

ஓட்டையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து வீடுகள் வெளியிலிருந்து பார்த்தால் செங்கல் வீடு. உள்ளே மரச்சட்டம். அதாவது உள்ளிருந்து போனால் முதலில் ஜிப்சம் பலகை, அப்புறம் பஞ்சு, அப்புறம் மரப்பலகை, ஒரு விரல் இடைவெளி, கடைசியில் செங்கல். மரத்தில் வட்ட ஓட்டை போடும் ஹோல் சா செங்கலைத் தொட்டதும் பல் மழுங்கிப் புகை விடும். செங்கலுக்கு வைரப் பல் வைத்த கோர் பிட் வேறு. முதலில் நீளமான மெல்லிய டிரில் பிட்டால் உள்ளிருந்து வெளியே ஒரு வழிகாட்டி ஓட்டை, வெளிப்பக்கம் கால் இன்ச் தாழ்வாக வரும்படி. பிறகு உள்ளிருந்து மரம் வரைக்கும் ஹோல் சா. அதன்பின் வெளியே போய் அதே புள்ளியில் கோர் பிட். நான் டிரில் பிடிக்க, பையன் தண்ணீர் பாட்டிலைச் சாய்த்துக்கொண்டே இருந்தான். சிவப்புக் குழம்பு சுவரோடு வழிந்தது. கடைசியில் செங்கல் வில்லை ஒன்று முழுசாகக் கழன்று பிட்டுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது. அதைத் தட்டி எடுக்கத்தான் ரொம்ப நேரம்.

ஓட்டை போடும் முன் ஸ்டட் (சுவருக்குள் நிற்கும் மரச்சட்டம்) எங்கே, வயர் எங்கே என்று பாருங்கள். ஸ்டட்கள் பெரும்பாலும் 16 இன்ச்சுக்கு ஒன்று. இன்டோர் யூனிட்டின் தகட்டை ஸ்டட்டில்தான் திருக வேண்டும், வெறும் ஜிப்சம் பலகையில் அல்ல.

பைப்பைச் சுருளிலிருந்து பிரிக்கும்போது தரையில் உருட்டிப் பிரிக்கணும், இழுக்கக் கூடாது. ஒருமுறை மடங்கினால் அந்த மடிப்பு போகவே போகாது. முறுக்கும்போது இரண்டு ஸ்பேனர்: ஒன்று அசையாமல் பிடிக்க, ஒன்று நட்டை மட்டும் திருப்ப. பைப்பும் சேர்ந்து திரும்பினால் உள்ளே சீல் கெடும். அப்புறம் சோப்புத் தண்ணீர் தடவி, ஆலன் கீயால் வால்வைத் திறந்து, நுரை வருகிறதா என்று பொறுமையாகப் பார்த்தோம். வரவில்லை.

25 அடி பைப் வந்தது. எங்களுக்குப் பாதிகூடத் தேவையில்லை. கேஸ் நிரம்பிய பைப் என்பதால் வெட்ட முடியாது. மிச்சத்தை அவுட்டோர் யூனிட்டுக்குப் பின்னால் படுக்கை வாட்டில் சுருட்டி வைத்தேன். நிற்க வைத்துச் சுருட்டினால் ஒவ்வொரு சுற்றின் அடியிலும் கம்ப்ரெசர் ஆயில் தேங்கிவிடும்.

கரண்டுக்கு லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன். 240 வோல்ட், தனி பிரேக்கர், அவுட்டோர் யூனிட் கண்ணில் படும் இடத்தில் கரண்டைத் துண்டிக்கும் டிஸ்கனெக்ட் பாக்ஸ். எத்தனை ஆம்ப் பிரேக்கர் என்பது யூனிட்டின் பெயர்ப்பலகையிலேயே இருக்கும், யாரையும் கேட்க வேண்டாம். நகராட்சி பர்மிட்டும் வாங்கினோம். இன்ஸ்பெக்டர் வந்து பாக்ஸைத் திறந்து பார்த்தார், செங்கல் ஓட்டையைக் கண்டுகொள்ளவே இல்லை.

கடைசியாக ஒன்று. ஏசி வாங்கும் முன்பே கராஜ் கதவுக்கும் மேல்கூரைக்கும் இன்சுலேஷன் போட்டுவிட்டோம். அது இல்லாமல் எத்தனை டன் போட்டாலும் தெருவுக்குத்தான் குளிர்ச்சி.

எடிசன் மாமா, நியூ ஜெர்சி

நான் கிட் வாங்கவில்லை. சாதாரண ஸ்ப்ளிட்தான், ஃபிளேர் போட்டு (பைப் முனையைப் புனல் போல விரித்து) வேக்கம் இழுத்து மாட்டினேன். ரிட்டயர் ஆன மனுஷன், நேரம் நிறைய. பைப்பைத் தேவையான நீளத்துக்கே வெட்டிக்கொள்ளலாம், சுருட்டி வைக்கும் தொல்லை இல்லை.

ஆனால் அமெரிக்காவில் கேஸ் சுற்றைத் திறந்து வேலை செய்ய ஈபிஏ என்னும் சுற்றுச்சூழல் பாதுகாப்புத் துறையின் 608 சான்றிதழ் வேண்டும். ஸ்ப்ளிட்டுக்கு அதில் இரண்டாம் வகை. படித்துத் தேர்வு எழுதினேன். பேரன் என்னை மாதிரித் தேர்வுக் கேள்வி கேட்டுப் பழிவாங்கினான்.

ஃபிளேர் பற்றி யாரும் சொல்லித்தராத சின்ன விஷயங்கள் உண்டு. பைப்பை வெட்டிய பிறகு உள் விளிம்பில் மெல்லிய பிசிறு நிற்கும். அதைச் சுரண்டும்போது பைப் வாயைக் கீழே பார்க்கப் பிடிக்கணும், இல்லாவிட்டால் துகள் உள்ளே விழுந்து நேரே கம்ப்ரெசர் போகும். நட்டை முதலில் மாட்டிவிட்டுத்தான் ஃபிளேர் போடணும். விரிந்த வாயின் மேல் ஒரு சொட்டு ஆயில். முறுக்க டார்க் ரெஞ்ச் (குறித்த அளவுக்கு மட்டும் முறுக்க உதவும் ஸ்பேனர்) கட்டாயம். கால் இன்ச் பைப்புக்கு ஒரு அளவு. அரை இன்ச்சுக்கு அதைப்போல மூன்று மடங்கு. கைக்கணக்கில் முறுக்குகிறவர்கள் சின்னதை நசுக்குவார்கள், பெரியதைத் தளர்வாக விடுவார்கள்.

பிறகு வேக்கம். வேக்கத்தை அளக்கும் கணக்கில் 500 மைக்ரானுக்குக் கீழே இறக்கி, பம்ப்பை நிறுத்திவிட்டு முள் ஏறுகிறதா என்று பார்க்கணும். மெதுவாக ஏறி ஓரிடத்தில் நின்றால் உள்ளே ஈரம். நிற்காமல் ஏறிக்கொண்டே போனால் கசிவு.

எங்கள் ஊரில் இதன் பெரிய பயன் ஜனவரியில். இதே பெட்டி திருப்பி ஓடி வீட்டைச் சூடாக்கும். அவுட்டோர் யூனிட்டைத் தரையில் வைக்காமல் ஸ்டாண்டில் உயர்த்தி வைத்தேன். பனி மூடாது, டிஃப்ராஸ்ட் ஆகும்போது (யூனிட் தன் மேல் படிந்த உறைபனியை உருக்கும்போது) வடிகிற தண்ணீரும் அடியில் கட்டியாகாது.

ஏசி மெக்கானிக், அபுதாபி (சொந்த ஊர் திருநெல்வேலி)

மாமா சொன்னது சுத்தம். கூட நாலு வார்த்தை.

வேக்கம் எதுக்குன்னு நிறைய பேருக்குத் தெரியாது. பைப்புக்குள்ள காத்து நின்னா அது கேஸ் மாதிரி திரவமாகாது. சும்மா இடத்தை அடைச்சுக்கிட்டு பிரஷரை ஏத்தும், கரண்ட் அதிகமா இழுக்கும். ஈரம் அதைவிட மோசம். இப்போ வர்ற கம்ப்ரெசர் ஆயில் ஈரத்தை நல்லா உறிஞ்சும். சூட்டில் அமிலமாகி உள்ளே காயில் வார்னிஷை அரிக்கும். மாட்டின அன்னிக்கு ஏசி ஜில்லுன்னு ஓடும், அதனால மாட்டினவர் நல்ல பேர் வாங்கிட்டுப் போயிடுவார். கம்ப்ரெசர் போறது பின்னாடி.

பிளேனோ அண்ணாச்சி கிட்டைப் பத்தி எனக்கு முன்னாடி நல்ல எண்ணம் இல்லை. ஆனா அவர் ரெண்டு ஸ்பேனர் போட்டிருக்கார், நுரை பார்த்திருக்கார். அது போதும். இங்கே தொழில் பண்றவங்களே பாதிப் பேர் நுரை பார்க்கிறதில்லை.

ஒண்ணு மட்டும் கவனம். அமெரிக்காவுல 2025 ஜனவரியிலிருந்து தயாராகிற வீட்டு ஏசிகள்ல பழைய 410ஏ கேஸ் கிடையாது, 32 அல்லது 454பிதான் வருது. கார்பன் டை ஆக்சைடை ஒண்ணுன்னு வச்சா, 410ஏயோட புவி வெப்பமாக்கும் அளவு 2088, 32க்கு 675. நல்லதுதான். ஆனா புதுசு ரெண்டுமே லேசா தீப்பிடிக்கும் ரகம். கசிவு பார்க்கத் தீக்குச்சி, லைட்டர் வேண்டாம்.

வீடு மாத்தும்போது கேஸை அவுட்டோர் யூனிட்டுக்குள்ள இழுத்து மூடுவோம், பம்ப் டவுன்னு சொல்வோம். அதை யூடியூப் பார்த்துப் பண்ணாதீங்க. தளர்ந்த இணைப்பு வழியா காத்து உள்ளே போயி, ஆயிலோட சேர்ந்து அமுங்கினா கம்ப்ரெசர் வெடிக்கும். மிகைப்படுத்தல, ஆள் போயிருக்கு. பிரஷர் டெஸ்ட்டுக்கு நைட்ரஜன் மட்டும்தான். வெல்டிங் கடையில ஆக்சிஜன் சிலிண்டர் சும்மா கிடக்குன்னு அதை மாட்டினாலும் அதே கதி.

ஹூஸ்டன் அக்கா

எல்லாரும் கேஸ் பற்றியே பேசுகிறீர்கள். எனக்குத் தண்ணீர்தான் பாடம் நடத்தியது.

ஹூஸ்டன் காற்று பிழிந்தால் சொட்டும். கோடையில் எங்கள் டிரெயின் பைப்பில் (வடிகால் குழாயில்) பகல் முழுக்கத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும். அது வெளியே போக மோட்டார் கிடையாது, சரிவு ஒன்றுதான். மாடியறைக்குத் தம்பி வந்து மாட்டிக்கொடுத்தான். ஓட்டைக்குள் காப்பர் பைப், வயர், டிரெயின் மூன்றையும் சேர்த்து டேப் சுற்றினோம். டிரெயின் எப்போதும் அடியில் வரணும். மேலே வந்தால் ஓட்டைக்குள்ளேயே ஒரு மேடு ஏறும், தண்ணீர் திரும்பி அறைச் சுவரில் வழியும்.

சுவரை மூடும் முன் ஃபில்டரைக் கழற்றி உள்தட்டில் ஒரு சொம்புத் தண்ணீரை மெதுவாக ஊற்றிப் பாருங்கள். தோட்டத்தில் சொட்டினால் சரி. வெளிமுனையை வாளியிலோ பூந்தொட்டியிலோ முக்கி வைக்காதீர்கள், காற்று அடைத்துக்கொள்ளும். எங்கள் பக்கம் இன்னொரு வினோதம், மண்கூடு கட்டும் குளவி. டிரெயின் முனையைப் பார்த்தால் அதற்குச் சொந்த வீடு மாதிரி. ஒருநாள் அறைச் சுவரில் ஈரம் தெரிந்தது, போய்ப் பார்த்தால் குழாய் வாயில் மண் உருண்டை. இப்போது மெல்லிய கம்பி வலை கட்டியிருக்கிறேன்.

அப்புறம் டன் கணக்கு. பெரியதாக வாங்கினால் நல்லது என்று பக்கத்து வீட்டார் இருநூறு சதுர அடி அறைக்கு இரண்டு டன் போட்டார்கள். பிடியூ என்ற வெப்ப அளவில் மணிக்கு 24,000. அந்த அளவுக்கு 6,000 தாராளம். அது சட்டென்று குளிரவைத்துவிட்டு நின்றுவிடுகிறது. ஈரத்தை இழுக்க நேரமே இல்லை. அவர்கள் அறை குளிராக இருக்கும், ஆனால் மெத்தை பிசுபிசுக்கும்.

எச்ஓஏ (குடியிருப்பு வீட்டுக்காரர் சங்கம்) அனுமதியை வாங்கிவிட்டுப் பெட்டியை ஆர்டர் செய்யுங்கள். எங்களுக்கு பைப் மேல் போடும் கவரின் நிறம் வரை கேட்டார்கள்.

சலங்கை வீட்டுக்காரர்

அக்கா சொன்ன டன் கணக்கில் எங்களுக்கு வேறு சிக்கல். கராஜ் அளவுக்கு மட்டும் பார்த்தால் 12,000 போதும். ஆனால் ஆடுகிற ஆள் ஒருவரே மணிக்கு 800 பிடியூவுக்கு மேல் சூடு விடுவார். பத்துப் பிள்ளைகள் ஆடினால் கணக்கு வேறு. அதனால் 18,000 எடுத்தோம். இன்வெர்ட்டர் ஏசி என்பதால் வகுப்பில்லாத நாளில் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. கதவுப்பக்கம் மட்டும் இன்னும் கொஞ்சம் வெப்பம் இருக்கிறது, சின்ன ஃபேன் வைத்திருக்கிறோம்.

வரிச்சலுகை கேட்டுத் தனியாக எழுதியவர்களுக்கு: ஹீட் பம்ப்புக்கு (குளிர்ச்சியோடு சூடும் தரும் ஏசிக்கு) இருந்த 30 சதவீத மத்திய அரசுச் சலுகை 2025 டிசம்பர் 31க்குள் மாட்டியவற்றுக்குத்தான். மின்கம்பெனி தள்ளுபடி ஊருக்கு ஊர் மாறும். சிலர் லைசென்ஸ் உள்ளவர் மாட்டிய ரசீது கேட்கிறார்கள், முதலிலேயே விசாரித்துக்கொள்ளுங்கள். வாரன்ட்டி அட்டையிலும் அதே நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். நாமே மாட்டும் கிட் என்று விற்பதற்கு இருக்காது, சாதாரண ஸ்ப்ளிட்டுக்குப் பெரும்பாலும் இருக்கும்.

கோவை வாசகி

படிக்கும்போதே ஆசையாக இருக்கிறது. நம்ம ஊரில் இப்படி நாமே மாட்ட முடியுமா அண்ணா?

ஏசி மெக்கானிக், அபுதாபி

வேண்டாம் தங்கச்சி. இந்த கிட் எல்லாம் ஆள்கூலி விண்ணைத் தொடுற நாட்டுக்கு. நம்ம ஊர்ல மாட்டுற கூலி பெட்டி விலையில ஒரு சின்னப் பங்குதான், கம்பெனி ஆள் மாட்டினாத்தான் வாரன்ட்டியிலயும் பிரச்சினை வராது.

ஆனா வர்றவரோட பக்கத்துலயே நில்லுங்க. ஓட்டை வெளிப்பக்கம் சரிவா இருக்கான்னு பாருங்க. ரசமட்டம் வைக்கச் சொல்லுங்க. டிரெயின்ல தண்ணி ஊத்திக் காட்டச் சொல்லுங்க. முக்கியமா, பையில வேக்கம் பம்ப் இருக்கான்னு ஆரம்பத்துலயே கேளுங்க. "எதுக்கு மேடம், கொஞ்சம் கேஸ் விட்டே காத்தைத் தள்ளிடலாம்"னு சொன்னாருன்னா, ஒரு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டு, கம்பெனிக்கு போன் பண்ணி வேற ஆளைக் கேளுங்க.