ஆர்எஸ்ஏ பயிற்சி: 72 அனுப்பினா 17 திரும்பி வருது, ஏன்?

புதுச்சாவி:
ஆன்லைன்ல கிரிப்டோகிராபி அடிப்படைப் பாடம் படிச்சிட்டிருக்கேன். சீசர் முறை, எக்ஸ்ஓஆர் எல்லாம் புரிஞ்சுது, ஆர்எஸ்ஏ-ல (ஒரு கீயால பூட்டி, இன்னொரு கீயால திறக்கிற முறை) மாட்டிக்கிட்டேன். பகா எண்கள் 5, 11. பெருக்கினா 55. ஃபை மதிப்பு, ரெண்டுலயும் ஒண்ணு குறைச்சுப் பெருக்கினா, 4×10 = 40. பப்ளிக் கீ 3, பிரைவேட் கீ 27. எண்ணை கீ அளவு அடுக்குக்கு உயர்த்தி 55-ஆல வகுத்த மீதியை எடுக்கிறேன். 2-ஐ அனுப்பினா 8 ஆகி, சரியா 2 திரும்புது. கேப்பிடல் 'ஹெச்' எழுத்தோட ஆஸ்கி எண் (கம்ப்யூட்டர்ல எழுத்துக்குத் தர்ற எண்) 72-ஐக் கொடுத்தா 18 ஆகுது, டிகிரிப்ட் பண்ணினா 17! பைத்தான் கோடை வரி வரியாப் பார்த்தாச்சு. எங்க தப்பு?

மீதிக்கணக்கு:
கோடு சரி, கீயும் சரி (3×27 = 81, 40-ஆல வகுத்தா மீதி 1). 72-ல இருந்து 55-ஐக் கழிச்சுப் பாருங்க.

கணக்கு மொத்தமும் 55-ஆல வகுத்த மீதியில நடக்குது. 0 முதல் 54 வரைதான் அதுக்குத் தெரியும், 72-ம் 17-ம் அங்க ஒண்ணுதான். அனுப்புற எண் 55-ஐ விடச் சின்னதா இருக்கணும். பெரிய பகா எண்களா எடுங்க.

புதுச்சாவி:
11, 13 எடுத்தேன், 143. இப்ப பிரைவேட் கீயே வரலைங்க. பைத்தானோட பவ் (pow) ஃபங்ஷன்ல 3, -1, 120 கொடுத்தா வேல்யூ எரர்.

மீதிக்கணக்கு:
120, 3-ஆல வகுபடுதே! 3-ஐ எதால பெருக்கி 120-ஆல வகுத்தாலும் மீதி 3-இன் மடங்காத்தான் வரும், 1 வரவே வராது. பப்ளிக் கீக்கும் ஃபைக்கும் பொதுக் காரணி இருக்கக் கூடாது. 7 போடுங்க. பிரைவேட் கீ 103 வரும், 72 போய் 19 ஆகும்.

பழையபூட்டு:
நடுவுல வர்றேன். ஆஸ்கி 127-ல முடியுது, அதுக்கு 143 போதும். ஆனா எல்லா மொழி எழுத்துக்கும் எண் தர்ற யூனிகோட்ல 'அ'-வோட எண் 2949, அங்க பழைய சிக்கலே வரும். அதை விடப் பெரிய ஓட்டை, எழுத்து எழுத்தா என்கிரிப்ட் பண்றது. ஒரே எழுத்துக்கு எப்பவும் ஒரே எண்ணுன்னா, எது அடிக்கடி வருதுன்னு எண்ணியே உடைச்சிடலாம். அந்த வித்தையை அரபு அறிஞர் அல்-கிந்தி 9-ஆம் நூற்றாண்டுலயே எழுதி வெச்சுட்டார். நிஜத்துல 2048 பிட் அளவுல கீ எடுத்து, ஓஏஇபி மாதிரி பேடிங்கில (செய்தியைப் பூட்டுறதுக்கு முன்னாடி கூடுதலா நிரப்புற முறை) ரேண்டமா கொஞ்சம் கலந்துதான் அனுப்புவாங்க. பாடத்துல பேடிங் பகுதியைத் தாண்டிப் போயிடாதீங்க, நிறைய பேர் அங்கதான் தாவுறாங்க.

புதுச்சாவி:
72 சரியா வந்துடுச்சு, நன்றி! தமிழ் எழுத்துக்கு 53, 61 எடுத்தா 3233 வருது. யூனிகோட்ல தமிழ்ப் பகுதி 3071-ல முடியுது. போதும்தானே?

மீதிக்கணக்கு:
பயிற்சிக்குப் போதும். ஃபை 3120, அதனால 3, 5, 13 மூணும் ஆகாது. 7 ஓகே, பிரைவேட் கீ 1783 வருதான்னு பாருங்க.