கன்னோலிக்கு ரிக்கோட்டா வழுவழுவென்று வர என்ன வழி?

எல்லோருக்கும் வணக்கம். இத்தாலியில், பலெர்மோவில் இருக்கிறேன். மகளின் பிறந்தநாளுக்கு வீட்டிலேயே கன்னோலி (பொரித்த மாவு ஓட்டுக்குள் இனிப்புப் பூரணம் வைக்கும் குழல் பலகாரம்) செய்ய ஆசை. ஓடு நன்றாகப் பொரிந்து மொறுமொறுவென்று வந்துவிடுகிறது, உள்ளே வைக்கும் ரிக்கோட்டா என்ற மென்மையான பாலாடைக்கட்டிதான் மூன்று தடவையும் சரிவரவில்லை. பல்லாரோ சந்தையில் ஒரு கிலோ செம்மறியாட்டு ரிக்கோட்டா வாங்கி, மெல்லிய துணியில் கட்டி இரவு முழுக்க பிரிட்ஜில் நீர் வடியவிட்டு, காலையில் 350 கிராம் சீனி கலந்த கையோடு அரிதட்டில் கரண்டியால் தேய்த்து இறக்கினேன். நாக்கில் வைத்தால் ரவை மாதிரி நெருடுகிறது. சரி என்று மிக்சியில் அடித்தேன், வழுவழுப்பு வந்தது, ஆனால் கொஞ்ச நேரத்தில் மோர் போல நீர்த்துப் போய் ஓட்டுக்குள் நிற்கவே இல்லை.

சீனி போட்டபின் சில மணி நேரம் ஊறவிட்டு அப்புறம்தான் அரிக்க வேண்டுமா? அரிதட்டின் கண் இன்னும் நுணுக்கமாக இருக்க வேண்டுமா, இரண்டு தடவை அரிக்க வேண்டுமா? ஐசிங் சீனி உதவுமா? மஸ்கர்போனே என்ற கிரீம் பாலாடைக்கட்டியை மட்டும் சேர்க்கச் சொல்லாதீர்கள், அந்தச் செம்மறிப்பால் மணம் அமுங்கிவிடும், எனக்கு அதுதான் முக்கியம். செய்து பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள், சனிக்கிழமை காலையில் செய்ய வேண்டும்.