பி-மதிப்பு 0.02 என்றால் நாணயம் சீராக இருக்க 2 சதவீத வாய்ப்பா?

புள்ளிமான்:
ஒரு நாணயத்தை 10 முறை சுண்டினேன். 9 முறை தலை. தலைப்பக்கம், பூப்பக்கம் என இரண்டு சாய்வையும் கணக்கில் எடுக்கும் இருபுறச் சோதனையில் பி-மதிப்பு 22/1024, ஏறக்குறைய 0.02. ஆகவே நாணயம் சீரானதாக இருக்க 2 சதவீத வாய்ப்புதான் என்று எழுதினேன். சிவப்புக் கோடு போட்டுத் திருப்பித் தந்துவிட்டார்கள். எங்கே தவறு?

பழைய கணக்கன்:
பி-மதிப்பு சொல்வது இதுதான்: நாணயம் சீரானது என்று வைத்துக்கொண்டால், இந்த அளவோ இதற்கு மேலோ சாய்ந்த முடிவு வர 2 சதவீத வாய்ப்பு. நீங்கள் அதைத் தலைகீழாகப் படித்துவிட்டீர்கள்.

புள்ளிமான்:
சொல் விளையாட்டு. நடைமுறையில் இரண்டும் ஒன்றுதானே?

பழைய கணக்கன்:
அதே 9 தலை, பையில் கிடந்த சில்லறையில் விழுந்தால் தற்செயல் என்பீர்கள். மாயவித்தைக்காரர் நீட்டிய காசில் விழுந்தால் காசைத் திருப்பிப் பார்ப்பீர்கள். பி-மதிப்பு இரண்டுக்கும் 0.02தான். காசு யார் கையிலிருந்து வந்தது என்பது அந்த எண்ணுக்குத் தெரியாது.

ஐயமே துணை:
தெரியாத எண்ணை ஏன் கட்டி அழ வேண்டும்? 1000 கருதுகோள்களைச் சோதிக்கிறோம், 100-இல் மட்டும் உண்மையான விளைவு உண்டு என்று கொள்ளுங்கள். சோதனை அவற்றில் 80-ஐப் பிடிக்கிறது. மீதி 900-இல் 5 சதவீதம், அதாவது 45, தற்செயலாகவே, வெற்றி என்று அறிவிக்க வழக்கமாக வைக்கும் 0.05 என்ற கோட்டுக்குக் கீழே வந்து நிற்கும். வெற்றி என்று அறிவித்த 125-இல் 45 பொய்! 2015-இல் ஒரு சமூக உளவியல் ஆய்விதழ் பி-மதிப்பைத் தடை செய்தது. சரியாகத்தான் செய்தது.

பழைய கணக்கன்:
அந்த 100 என்ற எண்ணை உங்களுக்கு யார் தந்தது? நிஜ ஆய்வில் எவருக்கும் தெரியாதது அதுதான். 0.05 என்பதும் 1925-இல் புள்ளியியலாளர் ஃபிஷர் வசதிக்காகச் சொன்ன கோடு; அதை வேதவாக்காக்கியது நாம்.

ஐயமே துணை:
கோட்டை எங்கே நகர்த்தினாலும் இதே கதைதான். 10,000 முறை சுண்டி 5,100 தலை வந்தால் பி-மதிப்பு 0.05-க்குக் கீழே. 51 சதவீதச் சாய்வு யாருக்குப் பொருட்டு?

பழைய கணக்கன்:
சூதாட்ட விடுதிக்காரருக்கு. ஆனால் சாய்வின் அளவையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்பதில் எனக்குச் சண்டையில்லை.

புள்ளிமான்:
இடையில் இன்னும் 10 முறை சுண்டிவிட்டேன். 5 தலை. மொத்தம் 20-இல் 14, பி-மதிப்பு 0.115. எதை எழுதுவது?

பழைய கணக்கன்:
முதலில் எத்தனை முறை சுண்டுவதாக இருந்தீர்கள்?

புள்ளிமான்:
அப்படி எதுவும் நினைக்கவில்லை. 9 தலை விழுந்ததும் போதும் என்று நிறுத்தினேன்.

பழைய கணக்கன்:
இதை முதல் வரியிலேயே சொல்லியிருக்கக் கூடாதா? 10 முறை என்று முன்கூட்டியே முடிவு செய்திருந்தால்தான் அந்த 22/1024 செல்லும்.