சிசிடிவி கேமரா பூச்சிக்கு அலர்ட் அடிக்குது, ஆள் வந்தா அடிக்கல. செட்டிங்கில் என்ன தப்பு?

இரவுக்காவல்:
4 மெகாபிக்சல் கேமரா, 2.8 மிமீ லென்ஸ். கேட் 15 மீட்டர் தள்ளி. வெறும் மோஷன் டிடெக்‌ஷன்னா ராத்திரி முழுக்கப் பூச்சிக்கும் சிலந்தி வலைக்கும் அலர்ட். லைன் கிராசிங்குக்கு (திரையில வரைஞ்ச கோட்டைத் தாண்டினா அலர்ட்) மாத்தி ‘மனிதர்’ மட்டும் டிக் பண்ணினா சத்தமே இல்லை, ஆனா கேட்டைத் திறந்து நேரா நடந்து வர்றவரையும் விட்டுடுது. பகல்ல பிடிக்குது. சென்சிடிவிட்டி 90 வெச்சும் பிரயோஜனம் இல்லை. அனலிட்டிக்ஸ் (படத்துல ஆள் இருக்கான்னு அலசுறது) ஓடுறது என்விஆரில், அதாவது கேமராப் படத்தைப் பதியுற பெட்டியில.

பிக்சல் கணக்கு:
முதல்ல சென்சிடிவிட்டியை 50-க்கு இறக்குங்க, கோளாறு அங்க இல்லை. 2.8 மிமீ லென்ஸ் சுமார் 100 டிகிரி பார்க்கும். 15 மீட்டர் தூரத்துல அது கிட்டத்தட்ட 36 மீட்டர் அகலம். மெயின் ஸ்ட்ரீமோட (முழுத் தரப் படம்) 2560 பிக்சலைப் பிரிச்சா மீட்டருக்கு 71, தாராளம். ஆனா பல என்விஆர்கள் அலசுறது சப் ஸ்ட்ரீமை, அதாவது தரம் குறைச்ச சின்னப் படத்தை. அது 640 பிக்சல்னா மீட்டருக்கு 18-க்கும் கீழே. திரையைப் பார்க்கிற மனுஷனுக்கு ‘யாரோ இருக்காங்க’ன்னு தெரியவே ஐஇசி 62676-4 என்கிற கண்காணிப்புக் கேமராத் தரநிலையோட 2014 பதிப்பு மீட்டருக்கு 25 கேட்டுச்சு. உங்க கேட்ல நிற்கிற ஆள் 30 பிக்சல் உயரம்தான். பகல்ல வெளிச்சம் காப்பாத்துது; ராத்திரி சாம்பல் மேல சாம்பல்.

சப் ஸ்ட்ரீமை 1280-க்கு ஏத்த முடிஞ்சா மீட்டருக்கு 35 கிடைக்கும். 6 மிமீ லென்ஸ் மாத்தினா 640-லயே 45 வரும், பக்கவாட்டுப் பார்வை பாதியாகும். கேமராவிலேயே மனிதர் டிடெக்‌ஷன் இருந்தா அதை ஓட்டிப் பாருங்க.

கோட்டுக்காரர்:
கோட்டை எங்க போட்டிருக்கீங்க?

இரவுக்காவல்:
கேட் மேலயே, குறுக்கா.

கோட்டுக்காரர்:
அதுவும் ஒரு காரணம். ஆள்னு முடிவு பண்ணவே சில ஃபிரேம் வேணும். கேட்டுக்குப் பின்னால மறைஞ்சு நிற்கிறவர் முழுசாத் தெரியும்போதே கோட்டைத் தாண்டிடுறார். கோட்டை 3, 4 மீட்டர் உள்ளே தள்ளுங்க. தரையில, கால் படுற இடத்துல வரையணும். பல சிஸ்டத்துல ஆளைச் சுத்திப் போடுற கட்டத்தோட அடிப்பகுதி தாண்டினாத்தான் கணக்கு. திசை ‘ரெண்டு பக்கமும்’னு இருக்கட்டும். ஆட்டோ எக்ஸ்போஷர் ஷட்டரை 1/12 நொடி வரைக்கும் விட்டா கால் கை எல்லாம் தேய்ஞ்சு பேய் மாதிரி வரும், 1/50-ல நிறுத்துங்க. படம் இருண்டா தனி ஐஆர் (அகச்சிவப்பு) விளக்கு, கேமராவை விட்டு ஒரு மீட்டராவது தள்ளி. லென்ஸ் பக்கத்துப் பூச்சி வெள்ளைப் பந்தாத் தெரியுறதும் குறையும். அதுக்குக் கேமராவோட சொந்த ஐஆரை அணைச்சாகணும், பலர் மறக்கிற இடம் இது.

இரவுக்காவல்:
கோடு, ஷட்டர், சப் ஸ்ட்ரீம் மூணும் மாத்தியாச்சு. 10 தடவை நடந்ததுல 9 பிடிச்சுது. தவறினது குடை பிடிச்சு வந்தப்போ.

பிக்சல் கணக்கு:
மேலிருந்து பார்த்தா குடை தலை, தோள் ரெண்டையும் மூடிடும். குனிஞ்சு வர்றவர், போர்வை போர்த்தினவரும் தவறலாம். அதனால ரெக்கார்டிங்கை ‘ஈவென்ட் மட்டும்’ல வைக்காதீங்க. பதிவு 24 மணி நேரமும் ஓடட்டும், அலர்ட் மட்டும் அனலிட்டிக்ஸ் கையில.